கீழ் மூன்றடி

செங்கோட்டையில் புஷ்பம் என்றொரு பெண் மரப்பட்டறை வைத்திருந்தாள். வாரம் முழுக்கக் கதவும் கட்டிலும் செய்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் குற்றாலிங்கம். தாலுகா ஆபீஸில் எழுத்தர். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அவனுக்கும் சொர்ணத்துக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளை இல்லை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டு வெகுகாலம் காத்திருந்தார்கள். கடைசியில் தென்காசியில் ஒரு இல்லத்திலிருந்து தகவல் வந்தது. பெண்குழந்தை, பெயர் அமலி, வயது நான்கு. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

அமலியின் அறைக்கென்று குற்றாலிங்கம் ஒரு உயரப் பலகை செய்துகொண்டிருந்தான். சுவரோரம் நிறுத்தி, பிள்ளையை அதில் சாய்ந்து நிற்கச் சொல்லி, வருடா வருடம் உச்சந்தலைக்கு நேராகக் கோடு போடுகிற பலகை. ஆறடித் தேக்கு. இழைத்து, உப்புத்தாள் போட்டு, அங்குலக் குறிகளை உளியால் கீறியிருந்தான். வேலை சுத்தமாக வந்திருந்தது.

ஆனாலும் அவன் முகம் சரியில்லை. பலகையின் கீழ்ப்பகுதியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் புஷ்பம்.

"அவ இப்பவே மூணடி இருக்கா டீச்சர். அதுக்குக் கீழ நாங்க கோடு போட ஒண்ணுமில்ல. வெறும் பலகையாத்தான் கெடக்கும்."

"ஆமா."

"பாக்கும்போதெல்லாம் உறுத்தும். பேசாம அறுத்துட்டு, மேல உள்ளத மட்டும் சுவத்துல மாட்டிரட்டுமா?"

புஷ்பம் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இந்த மூணடியும் எங்க வளந்தா?"

"இல்லத்துலதான்."

"யாரு வளத்தா?"

அவன் யோசித்தான். "ஒரு ஆயா உண்டு. செல்லத்தாய்னு பேரு. நாங்க போனப்பல்லாம் பிள்ளையக் கொண்டுவந்து விட்டுட்டு உள்ள போயிருவாங்க. பேசினதில்ல."

புஷ்பம் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினாள்.

"பலகையத் தூக்குங்க. போவோம்."

லோடு ஆட்டோ பிடித்துப் பலகையை ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போனார்கள். மதிய நேரம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வராந்தாவில் சுவரோரம் பலகையை நிறுத்தினார்கள். செல்லத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

புஷ்பம்தான் சொன்னாள். "அமலிக்கு உயரப் பலகை. கீழ்க் கோடெல்லாம் நீங்கதான் சொல்லணும்."

"அளவெல்லாம் ஆபீஸ் ஃபைல்ல இருக்கும்மா. எனக்கு நம்பர் தெரியாது."

"நம்பர் வேண்டாம்."

செல்லத்தாய் பலகையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, முழங்கையைத் தரையில் ஊன்றி, கையைப் பலகையோடு ஒட்டி நிமிர்த்தினாள்.

"வந்தப்போ இம்புட்டுதான். ஒரு முழம்."

அவள் நடுவிரல் நுனியில் குற்றாலிங்கம் பென்சிலால் கோடு போட்டான்.

அவள் எழுந்து பலகையை ஒட்டி நின்றாள். கையைத் தொங்கப் போட்டாள். "மொதமொதலா நின்னது என் சேலையப் பிடிச்சுட்டு. தலை இந்த உள்ளங்கையில படும்."

கோடு போட்டான்.

இடுப்புக்குச் சற்றுக் கீழே தொட்டாள். "அம்மை போட்டது இந்த உசரத்துல. பதினோரு நாளு. வேற யாரு ஊட்டினாலும் வாயத் தொறக்கமாட்டா."

கோடு போட்டான்.

கொசுவம் செருகியிருந்த இடத்துக்கு மேலே கையை வைத்தாள். "இப்ப இங்க வரைக்கும் வாரா. இடி இடிச்சா ஓடி வந்து மூஞ்சிய இதுல புதைச்சுக்குவா. உங்க வீட்லயும் பயப்படுவா சார். பாத்துக்கோங்க."

நான்காவது கோட்டையும் போட்டு முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் கூப்பினான்.

"மூணு தடவை வந்தும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலியேம்மா."

செல்லத்தாய் பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை கொஞ்சம் பொறுத்தே வாங்க சார். பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு குடுத்து அனுப்புறேன்" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் குற்றாலிங்கம் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, நான்கு பென்சில் கோடுகளின் மேலும் அழுத்தி இழுத்தான். தேக்கில் அவை கறுப்பாகப் பதிந்தன. அறுப்பதைப் பற்றி அவன் பேசவில்லை.

பலகையைத் துடைத்து நிறுத்திவிட்டுக் கேட்டான். "டீச்சர், அவ பெரியவளாகி, கீழ உள்ள கோடெல்லாம் யாரு போட்டதுன்னு கேட்டா என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி. பலகையோட அவளக் கூட்டிட்டுப் போயி அந்தம்மா பக்கத்துல நிக்க வைங்க."