அரசி சொல்லாத சொல்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் துக்கம் என்றால் நாடே வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்த காலத்தில், ஓர் அரண்மனையில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அது காலமான மகாராணியின் அறை விளக்கு. அவள் கண்மூடிய அன்று எரிந்த சுடர் அப்படியே எரிய வேண்டும் என்பது ராஜாவின் பிடிவாதம். சன்னல்களைச் சாத்தியாகிவிட்டது. எண்ணெய் விடும் தாதியைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. ராஜா மட்டும் தினமும் உச்சி வேளையில் வந்து வாசலில் உட்கார்ந்து, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ராஜாங்க வேலை அது பாட்டுக்குக் கிடந்தது.

அந்த அரசவையில் பூவராகன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் படைத்தலைவர் தளவாய் வீரமல்லுவுக்கு வயிறு எரியும். "கோட்டையைப் பிடித்த எனக்கும் ஒரு பதக்கம், கொட்டாவி விட்ட இவனுக்கும் ஒரு பதக்கமா?" என்று பொருமாத நாள் கிடையாது. ராணி போன பிறகு ராஜா சிரிப்பையே மறந்தார். பூவராகனுக்கும் விகடம் வரவில்லை. ராணி அவனிடம் பிரியமாக இருந்தவள். அவனுக்கும் அழுகைதான் வந்தது.

இப்படி இருக்கையில், ஒருநாள் உச்சி வேளையில் சாத்திய அறைக்குள் வளையல் குலுங்கியது. ராஜா எழுந்து நின்றார். பிறகு ஒரு பெண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"மகாராஜா... இங்கே தனியாக இருக்கிறேன். என்னைச் சிரிக்கவைத்த பூவராகனைத் துணைக்கு அனுப்புங்கள். அவன் வந்ததும் விளக்கை அணையுங்கள். நான் நிம்மதியாகப் போய்விடுவேன்."

காவலர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஆள் இல்லை. காற்றே இல்லாத அறையில் சுடர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே வேளை, அதே வளையல், அதே குரல்.

ராஜா பூவராகனை அவைக்கு அழைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"பூவராகா, தேவி உன்னை அழைக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?"

"சிதைக்குச் சந்தனக் கட்டை அடுக்கச் சொல்லிவிட்டேன், மகாராஜா" என்றார் தளவாய், மிகவும் பணிவாக. "நாளை உச்சியில் ராஜமரியாதையோடு அனுப்பிவைப்போம்."

ராஜா கோபத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது விகடம் பேசித் தப்பிக்கலாம். பிரியத்தில் சொல்கிறவரை என்ன செய்வது? பூவராகன் கைகூப்பிச் சொன்னான்.

"ஆணைப்படியே போகிறேன், மகாராஜா. அதற்கு முன் அந்த அறைக்குள் நின்று, மகாராணியின் கட்டளையை என் காதாலேயே ஒருமுறை கேட்க வேண்டும்."

ராஜா தலையசைத்தார்.

வீட்டில் அவன் மனைவி செண்பகவல்லி அழுது அழுது ஓய்ந்துபோனாள். பொழுது விடிந்ததும், பழக்க தோஷத்தில் எழுந்து மாடத்து விளக்கருகே போய் ஒரு பூவைக் கையில் எடுத்தாள்.

"இருங்க, விளக்கைக் குளிர வெச்சிட்டு வந்துடறேன்."

பூவராகன் சட்டென்று நிமிர்ந்தான். "என்ன சொன்னே?"

"விளக்கைக் குளிர வைக்கணும்னேன்."

"அணைக்கணும்னு சொல்லிப் பாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எந்த வாயால அதைச் சொல்லச் சொல்றீங்க? குடும்பம் நடத்துற வீட்டுல சொல்ற பேச்சா அது?" என்றவள், இன்று என்ன நாள் என்பது நினைவுக்கு வந்து மறுபடி உடைந்தாள்.

பூவராகனுக்கு ராணியின் அந்தப்புரம் கண்முன் வந்தது. அங்கே தாதிகள் பல சீமைக்காரிகள். ஒருத்தி "குளிர வைக்கவா?" என்பாள், இன்னொருத்தி "அமர்த்திடவா?" என்பாள், மற்றொருத்தி "மலையேத்திடலாமா?" என்பாள். எல்லாம் ஒரே வேலைதான். புதிதாக வந்த பெண் ஒருத்தி மட்டும் "அணைச்சிடவா அம்மா?" என்று கேட்டுவிட்டாள். ராணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வீடு பத்திக்கிட்டு எரியும்போது சொல்ற வார்த்தை அது. விளக்குகிட்டச் சொல்லாதே." அப்போது பக்கத்தில் ராஜாவும் இருந்தார், பூவராகனும் இருந்தான்.

அப்படியானால் பேசியது ராணி இல்லை. வேறு யார்? உயிரோடு இருக்கும் ஆளா, இல்லை வேறேதாவதா? பூவராகனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உயிர் வெல்லக்கட்டி அல்லவா? அரண்மனைக்குப் போனவன் முதல் காரியமாகத் தண்ணீர் சுமக்கும் ஆட்களை நிறைகுடங்களோடு அறை வாசலில் நிறுத்திவைத்தான்.

உச்சி வேளை வந்தது. ராஜாவும் தளவாயும் பூவராகனும் உள்ளே போனார்கள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே தரை சில்லென்றிருந்தது. யாரும் பூ வைக்காத அறையில் மல்லிகை வாசம் வந்தது. வளையல் குலுங்கியது. பூவராகன் சுற்றிப் பார்த்தான், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிறகு, தலைக்கு மேலே பலகை அடைத்த பரண் பக்கமிருந்து குரல் வந்தது.

"வந்துவிட்டாயா பூவராகா? விளக்கை அணைக்கச் சொல்."

"தாயே, காதில் சரியாக விழவில்லை."

"அணை... விளக்கை அணை!"

பூவராகன் திரும்பினான். "மகாராஜா, இந்த வார்த்தையை நம் மகாராணி எப்போது சொல்வார்?"

ராஜா விளக்கைப் பார்த்தார். "வீடு... வீடு பற்றி எரியும்போது."

"அப்படியானால் வீடு பற்றி எரிகிறது! மகாராணி பொய் சொல்ல மாட்டார்! டேய், தண்ணி கொண்டாங்கடா! மேலே, அந்தப் பரண் மேலே ஊத்துங்கடா!"

ஆட்கள் குடம் குடமாக வீசினார்கள். பரண் பலகைகள் ஒழுகின. உள்ளே யாரோ புரையேறி இருமினார்கள்.

"ஐயோ சாமி, போதும்! மூச்சு முட்டுது!"

பலகையை விலக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓர் ஆள் இறங்கினான். கூத்தில் பெண் வேஷம் கட்டும் சடையன்.

"எங்க வீட்டுலயும் அப்படிச் சொல்ல மாட்டோம், சாமி. தளவாய் சொல்லிக் குடுத்ததை ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லணும்னு உத்தரவு" என்று காலில் விழுந்தான்.

தளவாய் பாவம், ஊர்களுக்குத் தீ வைத்தும் அணைத்தும் பழகியவர். அவர் வீட்டு விளக்கை ஏற்றியதும் குளிர வைத்ததும் வேறு யாரோ.

ராஜா நனைந்த கூத்தாடியைப் பார்த்தார், வெளுத்துப்போன தளவாயைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராணி போன பின் அன்றுதான் அவர் சிரித்தார்.

"வீரமல்லு, இனி அரண்மனை விளக்குகள் அத்தனைக்கும் நீரே எண்ணெய் விடும். விடிந்ததும் ஒவ்வொன்றையும் நீரே குளிர வையும்" என்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கையில் வைத்தார். சிரிப்பு அடங்காமலே கூத்தாடியிடம் கேட்டார்: "அதுசரி, வளையலுக்கு என்னடா செய்தாய்? அசல் தேவியின் வளையல் போலவே இருந்ததே?"

சடையன் விழித்தான். "வளையலா? எங்கிட்ட ஏது சாமி? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே அது கேட்டுச்சு. தளவாய் வேற ஆளும் வெச்சிருக்காருன்னு இருந்தேன்."

எல்லாரும் தளவாயைப் பார்த்தார்கள். "நான் வேறு யாரையும் வைக்கவில்லை" என்றார் அவர்.

மறுபடி வளையல் மெல்லக் குலுங்கியது. இம்முறை அது பரணில் இல்லை, விளக்கருகே.

பூவராகனுக்குப் பல் கிட்டியது. ஆனாலும் சொன்னான்: "மகாராஜா, முத்துமாலை இருக்கட்டும். எனக்குப் பரிசு தருவதானால் சன்னலைத் திறந்து, விளக்கைக் குளிர வையுங்கள். பாவம், எரியும் விளக்கை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மகாராணி நிற்கிறாரோ என்னவோ."

ராஜா தம் கையாலேயே சன்னலைத் திறந்தார். தாதி கொண்டுவந்த பாலில் ஒரு பூவைத் தோய்த்து, "குளிர வைக்கிறேன், தேவி" என்று திரியின் மேல் வைத்தார்.

வளையல் சத்தம் அவர்களுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போனது. அவள் வரும்போதெல்லாம் செய்வதுபோல, ராஜா சற்று ஒதுங்கி வழிவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது, உதட்டில் மட்டும் சிரிப்பு இன்னும் இருந்தது.

பூவராகன் முத்துமாலையோடு வீடு வந்து சேர்ந்தான். செண்பகவல்லி அழுது, சிரித்து, சோறு போட்டு, கதை முழுவதையும் கேட்டாள். பிறகு பூவை எடுத்துக்கொண்டு மாடத்துப் பக்கம் போனாள்.

"விளக்கைக் குளிர வெச்சிடவா?"

"இன்னைக்கு ஒரு நாள் எரியட்டும்" என்றான் பூவராகன். "நான் இன்னும் பயந்து முடிக்கலை."