மூங்கில் புதருக்கு ஓடாத வெள்ளெலி

ஒரு காட்டில், இருட்டிச் சற்று நேரத்துக்கெல்லாம், “டப்! டமார்!” என்று ஒரு சத்தம் கேட்டது. அப்படியொரு சத்தத்தை அங்கே யாருமே அதுவரை கேட்டதில்லை.

பாறையடி வளையில், கண் திறக்காத நான்கு குட்டிகளை அணைத்துப் படுத்திருந்த வெள்ளெலி திடுக்கிட்டு எழுந்தாள். அவள் பயந்த சுபாவக்காரி. இலை உதிர்ந்தாலும் குட்டிகளைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த வளையில் இன்னும் இருவர் குடியிருந்தார்கள். பெருச்சாளி தலைவர், முள்ளம்பன்றி காவல்காரர். தானியம் சேர்ப்பது வெள்ளெலியின் வேலை. ஆபத்து என்றால் எல்லோரும் மூங்கில் புதருக்கு ஓடிவிட வேண்டும் என்பது பெருச்சாளி போட்ட சட்டம். நரி வந்தபோதெல்லாம் அந்தச் சட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

“கிளம்புங்கள், கிளம்புங்கள்! மூங்கில் புதருக்கு!” என்றார் பெருச்சாளி.

“ஐயா, சத்தமே அங்கிருந்துதானே வருகிறது?” என்றாள் வெள்ளெலி.

“எங்கிருந்து வந்தால் என்ன? போகிற இடம் ஒன்றுதான். பேசாமல் வரிசையில் வாம்மா.”

முள்ளம்பன்றி சிரித்தார். “தங்கச்சிக்குக் காற்றடித்தாலே காய்ச்சல் வந்துவிடும், தலைவரே!”

“சிரியுங்கள் அண்ணே. முதலில் மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள்.”

இழுத்தார். சிரிப்பு நின்றது. புகை! மூங்கில்தான் தீயில் வெடித்துக்கொண்டிருந்தது.

“நெருப்பானாலும் சட்டம் சட்டம்தான்” என்று பெருச்சாளி வெளியே நடந்தார்.

வெள்ளெலி குட்டிகளைப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால், ஒரு நடைக்கு ஒரு குட்டிதான்.

“அண்ணே, தரையைத் தோண்டுங்கள். அடியில் ஈரமண் இருக்கும். அதை வளையின் வாசல் கதவு விளிம்பெல்லாம் அப்பிச் சாத்திவிட்டால் புகை நுழையாது.”

“நான் காவல்காரன். தோண்டுவது என் வேலையா?”

“பின்னே, வெளியே நின்று நெருப்பை முள்ளால் குத்தப் போகிறீர்களா?”

முள்ளம்பன்றி தோண்டினார். தானியம் சுமந்த வெள்ளெலி சேறு சுமந்தாள்.

வாசல் சிவந்தது. “சாத்தட்டுமா, தங்கச்சி?”

“கொஞ்சம் பொறுங்கள், அண்ணே. தலைவர் வெளியே இருக்கிறார்.”

மீசை கருகிப்போன பெருச்சாளி தலைதெறிக்க ஓடிவந்து உள்ளே விழுந்தார். “நான்... நான் என்ன செய்யட்டும், அம்மா?”

“சேறு அள்ளுங்கள், ஐயா!”

அள்ளினார். அப்பினார்கள். மூவருமாகக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். நெருப்பு பாறையைத் தொடும் முன், நான்கு குட்டிகளும் தூங்கிக்கொண்டிருக்க, வெள்ளெலி உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

நீதி: நேற்று காப்பாற்றிய சட்டம் இன்றும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதே, ஆபத்து மாறினால் உன் வேலையையும் மாற்றிக்கொள்.