புங்கன்குளத்துக் கரடியின் உபசாரம்

புங்கன்குளத்துக் கரையில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தான். கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது, தங்கமான மனசு. ஆனால் அவனிடம் விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள் ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள்.

ஐப்பசி மழை விட்டதும் தூரதேசத்துப் பறவைகள் அந்தக் குளத்துக்கு வரும். சும்மா கையை வீசிக்கொண்டு வராது. ருஷ்யாவிலிருந்து வரும் கிளுவை வாத்து, ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவைத்த பானம் கொண்டுவரும். ஜெர்மனியிலிருந்து வரும் செங்கால் நாரை கறுப்பு மிட்டாய் கொண்டுவரும். வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். திபெத்திலிருந்து வரும் வரித்தலை வாத்து பேமா, வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரும் கல் மாதிரிக் காய்ந்த பால்கட்டியும் கொண்டுவருவாள். அவள் ஊரில் அதுதான் மிட்டாய். ஒரு துண்டை வாயில் ஒதுக்கினால் பொழுது சாயும்வரை கரையாது.

அந்த வருஷம் தேனப்பன் எல்லாவற்றையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் தூ என்று துப்பினான்.

"தேத்தண்ணியில உப்பா? பாவம், உங்க ஊர்ல சர்க்கரையே கிடைக்காது போலிருக்கு" என்றான் பேமாவிடம்.

"கிடைக்கும் அண்ணே. எங்களுக்கு உப்புதான் பிடிக்கும்."

அது அவன் காதில் ஏறவே இல்லை. இனிப்புப் பிடிக்காத நாக்கு ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று நம்ப அவன் தயாராக இல்லை. பாவம், ருசி தெரியாமல் வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். இந்தக் குளத்தை விட்டுக் கிளம்புவதற்குள் இவளுக்கு இனிப்பைப் பிடிக்கவைக்காவிட்டால் நான் தேனப்பன் இல்லை என்று மனசுக்குள் சபதம் போட்டான்.

மறுநாள் காலையிலேயே ஒரு சட்டி நிறைய நன்னாரி சர்பத்து வந்து இறங்கியது. கூடவே தினைமாவும் தேனும் காய்ந்த இலுப்பைப் பூவும் போட்டு இடித்த உருண்டைகள் பத்து.

பேமா மரியாதைக்கு ஒன்று தின்றாள். "போதும் அண்ணே. வேண்டாம்" என்றாள்.

இங்கேதான் வந்தது வினை. நம் பக்கத்தில் எந்த விருந்தாளி வைத்தவுடனே வாங்கிச் சாப்பிடுவார்? வேண்டாம் வேண்டாம் என்று இலையைக் கையால் மறைப்பார். விரலிடுக்கு வழியாக இன்னும் இரண்டு விழும். அதையும் ஒரு பிடி பிடிப்பார். இப்படியே பார்த்து வளர்ந்த தேனப்பனுக்கு, வேண்டாம் என்றால் இன்னும் வை என்றுதான் அர்த்தம்.

"அட, சும்மா கூச்சப்படாத. ஒண்ணே ஒண்ணு" என்று நாலை வைத்தான்.

பேமாவின் ஊர் வழக்கமோ வேறு. அங்கே கிண்ணத்தைக் காலி செய்தால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் அப்படியே தொடாமல் விட்டுவிட வேண்டும். அவளும் உருண்டைகளைத் தொடாமல் விட்டுவிட்டு நீந்தப் போய்விட்டாள்.

தேனப்பன் திரும்பி வந்து பார்த்தான். வைத்தது வைத்தபடி இருந்தது. அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. "மிச்சம் வச்சுட்டாளே" என்று அன்று முழுக்கப் புலம்பினான், சாப்பிடவும் இல்லை. பேமா இளகிய மனசுக்காரி. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. வந்து நாலையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"பாத்தியா, பிடிச்சுப்போச்சு!" என்று தேனப்பன் குதித்தான். மறுநாள் பதினைந்து உருண்டை வந்தது.

செங்கால் நாரையிடமும் அவன் இந்த வேலையைக் காட்டிப் பார்த்தான். "வேண்டாம்னா வேண்டாம்" என்று அது விருட்டென்று எதிர்க்கரைக்கு நடந்துவிட்டது. திமிர் பிடித்தது என்று அதைத் திட்டிவிட்டு, நாரையின் பங்கையும் பேமாவுக்கே வைத்தான். இளிச்சவாய் ஒன்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கார்த்திகை போயிற்று. மார்கழியும் தையும் போயின. தினமும் பேமா வேண்டாம் என்பாள், தினமும் அவன் வைப்பான். அவன் முகம் வாடும், அவள் தின்பாள். மாசியில் அவள் கரையேறி நடந்தால் வயிறு தரையில் உரசியது.

அந்தக் குளத்து நீர்நாய் மருதாயிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏய் தேனப்பா, அது பறக்கிற ஜாதி. பூசணிக்காய் மாதிரி ஆக்கிவச்சிருக்கியே" என்றாள்.

"கண்ணு வைக்காத. இப்பத்தான் பொண்ணு பார்க்க லட்சணமா இருக்கா."

பங்குனிப் பௌர்ணமி வந்தது. வாத்துக் கூட்டம் வடக்கே கிளம்ப வேண்டிய நாள். சித்திரையில் புங்கன்குளம் வெடித்துப் பாளம்பாளமாகக் கிடக்கும். பனிநாட்டு உடம்பு அந்த வெயிலைத் தாங்காது, தங்கியவர் செத்தார் என்று அர்த்தம். முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் எல்லாம் அவர்களுக்கு அங்கே போய்த்தான்.

விடிந்ததும் கூட்டம் எழும்பியது. பேமாவும் தண்ணீரில் ஓடி, சிறகை அடித்து, ஒரு முழம் எழும்பினாள். தொப்பென்று விழுந்தாள். மறுபடி ஓடினாள், மறுபடி விழுந்தாள். மூன்றாம் தடவை தண்ணீரை விட்டே எழும்ப முடியவில்லை.

கூட்டத்தின் தலைவன் வட்டமடித்துத் தாழ வந்தான். "அரைநாள் பறந்தா வடக்கே பெரிய ஏரி இருக்கு. அங்க பத்து நாள் காத்திருப்போம். அதுக்கு மேல முடியாது பேமா. நீ வரலைன்னாலும் நாங்க கிளம்பித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேமா நாணலுக்குள் புகுந்து அழுதாள். தேனப்பன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். வரும்போதே கையில் சட்டி.

"உடம்புல தெம்பில்லம்மா உனக்கு. இந்தா, ரெண்டு உருண்டை தின்னு, எழும்பிடுவ" என்றான்.

மருதாயிக்கு வந்ததே கோபம். சட்டியை வாலால் ஓங்கி அடித்தாள். அது உருண்டு குளத்தில் விழுந்தது. "அடப் பாவி, கொன்னே போட்டுட்டு இன்னும் ஊட்ட வர்றியா? ஏம்மா, நீயாவது வாயைத் திறந்து சொல்லு."

பேமா தலையைத் தூக்கினாள். "முதல் நாளே வேண்டாம்னு சொன்னேன் அண்ணே. நாலு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்கு இனிப்பு ஆகவே ஆகாது. உங்க முகம் வாடினதைப் பாக்க முடியல, அதனால தின்னேன்."

தேனப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆசை ஆசையாக இடித்த ஒவ்வொரு உருண்டையையும் அவள் மருந்து மாதிரி விழுங்கியிருக்கிறாள். தினமும் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூடத் தான் கேட்கவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பத்து நாள் இருக்குல்ல? எழும்மா. உன்ன வானத்துல ஏத்தாம நான் உட்கார மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். சர்பத்துப் பானையைக் கவிழ்த்தான். குளத்தங்கரைப் புல்லும் கோரைக் கிழங்கும் போக வேறெதுவும் பேமாவின் பக்கம் போகவிடவில்லை. வெயில் ஏறுமுன் அவளைக் கரையைச் சுற்றி ஓடவிட்டான், பின்னாலேயே தானும் ஓடினான். அவள் நின்றால், "இன்னும் ஒரு சுத்து அண்ணனுக்காக ஓடும்மா" என்று கெஞ்சினான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தில் கரடியின் தொப்பை அவளுடையதைவிடச் சீக்கிரம் வற்றியது தனிக்கதை.

ஐந்தாம் நாள் அவள் இரண்டு முழம் எழும்பினாள். எட்டாம் நாள் நாணல் உயரம். ஒன்பதாம் நாள் குளத்தின் பாதி வரை பறந்து, சேற்றில் குப்புற விழுந்தாள். சேற்றை அலம்பிவிட்டு, "மறுபடி" என்று அவளே சொன்னாள்.

பத்தாம் நாள் விடிகாலையில் இருவரும் குளத்துக்குப் பக்கத்துக் கரட்டுக் குன்றின் உச்சிப் பாறைக்கு ஏறினார்கள். கீழிருந்து எழும்புவதைவிட மேலிருந்து குதித்தால் காற்று தாங்கும் என்பது மருதாயியின் யோசனை. தெற்கிலிருந்து நல்ல காற்று அடித்தது. பேமா சிறகை விரித்துப் பார்த்தாள்.

தேனப்பன் தயங்கித் தயங்கிக் கக்கத்திலிருந்து ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை எடுத்தான். பழக்கதோஷம், அவனை என்ன செய்வது?

"தூரப் பயணம். வழியில பசிக்கும். ஒண்ணு வேணுமாம்மா?" என்று கேட்டான்.

"வேண்டாம் அண்ணே."

அட, சும்மா கூச்சப்படாத என்ற பேச்சு அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக மூடி அதை விழுங்கினான்.

"சரிம்மா" என்றான். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவன் ஒரு விருந்தாளியிடமும் சொன்னதில்லை.

பேமா அவனை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுக் குதித்தாள். கல்லுப் போலக் கீழே போனாள். மரங்களின் தலையைத் தொடும் நேரத்தில் காற்று அவளைத் தூக்கியது. சிறகை அடித்து அடித்து மேலேறி, வடக்கே திரும்பினாள். இருட்டுவதற்குள் கூட்டத்தோடு சேர்ந்துவிடுவாள் என்று கீழேயிருந்து மருதாயி கத்தினாள்.

எத்தனை அன்போடு பரிமாறினாலும், விருந்தாளி சொல்லும் 'வேண்டாம்' காதில் விழாதவரை அது உபசாரம் ஆகாது.