வேலிக்குள் செவ்வந்தி

"அந்தப் பரஞ்சோதிப் பையனை மடத்தை விட்டு அனுப்பிடுங்க. இல்லேன்னா நான் போறேன்."

நல்லசிவம் விறுவிறுவென்று வந்து நின்றார்.

தவமணி அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்லசிவத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மலையடிவாரத்து அந்த மடத்துக்கு அவர்தான் குரு.

"என்ன செஞ்சான்?"

"என் செவ்வந்தியைத் திருடிட்டான். நான் இங்கே வந்த வருஷம் நட்டது. முள்வேலி போட்டு, ஆட்டெரு வச்சு வளர்த்தேன். போன வருஷம் நாலு பூ. இந்த வருஷம் அதுவும் இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால அவன் பாத்தியைப் போய்ப் பாருங்க. அதே மஞ்சள், கொட்டிக் கிடக்கு."

அம்மை முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நல்லசிவத்தின் செடியை நோக்கி நடந்தார். வேலியின் ஒரு பக்கத்தைப் பிரித்தார்.

"அம்மை, அதைத் தொடாதீங்க."

மண்வெட்டி புதரின் நட்டநடுவில் இறங்கியது.

நல்லசிவம் கத்தினார். பாய்ந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்தார். அம்மை விடவில்லை. இன்னொரு வெட்டு. புதர் இரண்டாகப் பிளந்தது.

நடுவில் உயிரில்லை. விறகாக முற்றிய வேர்க்கட்டை ஒன்று, உள்ளே கறையான். ஓரத்தில் மட்டும் பச்சையாகப் பக்கக் கன்றுகள், வேலிக் கம்பியில் முட்டிக்கொண்டு.

"பரஞ்சோதி திருடலை," என்றார் அம்மை. "போன மழைக்கு ஓரத்துக் கன்றைப் பிடுங்கி நட்டுவைன்னு கொடுத்தது நான்."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டேன். என் செடி, தர மாட்டேன்னு சொன்னீங்க."

"அப்போ திருடினது நீங்க."

"ஆமாம்."

 

சத்தம் கேட்டுப் பரஞ்சோதி தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றான். அம்மை கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவன் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் கொடுத்தார்.

பிறகு அந்தக் காய்ந்த கட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, நல்லசிவத்தின் கையில் வைத்தார்.

"நீங்க நட்டது இதுதான். இதை இனி யாரும் தொட மாட்டாங்க."

அரிசி முறத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நல்லசிவம் நின்றார். கட்டை கனக்கவேயில்லை. கறையான் ஒன்று விரலில் ஏறியது. கட்டையைக் கீழே போட்டார்.

பரஞ்சோதி பயந்து ஓரடி பின்வாங்கினான்.

"ஒரு கன்னு கொடு," என்றார் நல்லசிவம். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.