மரவட்டை சுருண்டது

ஆற்றங்கரைக் காட்டில் மழைக்காலம் நெருங்கியது. வெள்ளம் வந்தால் எல்லோரும் மேட்டுக்கு ஓட மந்திரி நரி ஓர் ஏற்பாடு செய்தது. மரத்தின் மேலிருந்து குரங்கு வெள்ளத்தைப் பார்த்துக் கத்தும். அதைக் கேட்டு மான் செய்தி தரும். மானின் செய்தி கிடைத்ததும் முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு வளையை விட்டுக் கிளம்பும்.

"தினமும் சாயங்காலம் ஓடிப் பார்த்தாச்சு. ஒரு குறையும் இல்லை. புலி ராஜாவும் சரின்னு சொல்லிட்டார்," என்றது நரி.

"மரவட்டை நடந்ததா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காதால் கேட்கும் செய்திக்குச் சுள்ளி, கண்ணால் பார்க்கும் செய்திக்கு இலை. அனுப்புகிறவர் தான் செய்தி தரும் விதத்துக்கு ஏற்ப ஒன்று வைப்பார். காத்திருப்பவர் தனக்கு அது எட்டும் விதத்துக்கு ஏற்ப அதை ஒட்டி ஒன்று வைப்பார். மரவட்டை அவற்றின் மேல் ஊர்ந்து போகும். இரண்டும் ஒரே வகையானால் தாண்டும். இல்லையென்றால் சுருண்டுவிடும். வைத்தது யார் என்று அது பார்க்காது.

நரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ராஜா வார்த்தையை விடப் பூச்சி பெரிசா? நம்பிக்கை இல்லாதவங்க காட்டை விட்டுப் போகலாம்!"

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டது. "போக மாட்டேன். சரின்னும் சொல்ல மாட்டேன். வளைக்குள்ள கிடக்கிறது என் பிள்ளைங்க. முதல்ல அது நடக்கட்டும்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் கூடினார்கள். குரங்கு சுள்ளி வைத்தது. மானும் சுள்ளி வைத்தது. மரவட்டை தாண்டியது. அடுத்து மான் ஓர் இலை வைத்தது. முள்ளம்பன்றி சுள்ளி வைத்தது. மரவட்டை சுருண்டது.

நரி அதைக் காலால் தட்டி நீட்டப் பார்த்தது. அது அசையவில்லை.

"நான் வாலைத் தூக்கித்தானே காட்டுவேன்," என்றது மான்.

"பகலெல்லாம் நான் வளைக்குள்ள தூங்குறவ. உன் வால் எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் வெளியே நின்னேன், எல்லாரும் ஓடுறதைப் பார்த்து ஓடினேன்."

மான் வெட்கத்தோடு இலையை எடுத்துவிட்டுச் சுள்ளி வைத்தது. "இனிமேல் குளம்பால தரையை உதைக்கிறேன்." மரவட்டை மெல்ல நீண்டு தாண்டிப் போனது.

அந்த வாரமே நட்டநடுப் பகலில் வெள்ளம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த முள்ளம்பன்றியின் தலைமாட்டில் தரை அதிர்ந்தது. குட்டிகளைத் தள்ளிக்கொண்டு அது மேடேறியது. திரும்பிப் பார்த்தபோது வளை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

"பார்த்தீங்களா, எல்லாம் என் ஏற்பாடு," என்றது நரி.

"அடுத்த ஏற்பாட்டுக்கும் மரவட்டை நடக்கணும், நரியாரே. அதுவரைக்கும் இந்தத் தலை ஆடாது," என்றது முள்ளம்பன்றி.

பல முறை நடந்துவிட்டது என்பதாலோ, பெரியவர் சொல்லிவிட்டார் என்பதாலோ ஓர் ஏற்பாடு சரியாகிவிடாது. ஒவ்வொரு படியும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் யாருக்காகவும் தலையாட்டக் கூடாது.