சேற்றுப் பங்கு

காட்டுப்பன்றி டூகலுக்கு முதலில் துரோகம் செய்தது கலைமான் ருவாரி. நரியின் பங்கு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை டூகல் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஸ்காட்லாந்தின் வடமலையில் ஒரு பள்ளத்தாக்கு. ருவாரிதான் அங்கே தலைவர். மேலே பசும்புல் சரிவு, நடுவே கல்லாந்தரை, கீழே முழங்கால் புதையும் சதுப்பு. வசந்தம் பிறந்ததும் எல்லா விலங்குகளும் கூடிச் சீட்டுப் போடும். இந்த ஆண்டு சரிவில் மேய்ந்தவனுக்கு அடுத்த ஆண்டு சதுப்பு விழலாம். நல்ல நிலமும் கெட்ட நிலமும் எல்லோருக்கும் மாறி மாறி வந்தன.

ஒரு வருடம் அரசர் அழைத்தார் என்று ருவாரி தலைநகருக்குப் போனது. திரும்பி வரும்போது கழுத்தில் சரிகைப் பட்டி இருந்தது. பக்கத்தில் குமாஸ்தாவாக ஒரு நரி!

"சீட்டுப் போடுவதா? நகரத்தில் கேட்டால் சிரிப்பார்கள்!" என்றது நரி. "இனி அவரவர் பங்கைச் சுற்றிக் கல்வேலி. பத்திரத்தில் எழுதினால் எழுதியதுதான். என்றைக்கும் மாறாது!"

நரி பத்திரத்தை வாசித்தது. சரிவு முழுவதும் ருவாரியின் கூட்டத்துக்கு. கல்லாந்தரை ஆடுகளுக்கும் முயல்களுக்கும். சதுப்பு டூகலுக்கு.

டூகல் பதறிப்போனது. "தலைவரே, இது அடுக்குமா? எனக்கு ஏழு குட்டிகள்!"

"சேற்றில் புரள்கிறவனுக்குச் சேறுதானே பொருத்தம்?" என்றது ருவாரி. கூட்டமே சிரித்தது.

"சேறு குளிக்கத்தான் தலைவரே, குடித்தனம் நடத்த அல்ல! ஓநாய்கள் வந்தபோது உங்களுக்கு முன்னால் நின்றவன் நான்!"

"தலைவராவது ஒன்றாவது! அதெல்லாம் பழைய பேச்சு. நான் இப்போது நிலச்சொந்தக்காரன். குளம்பைப் பதித்துவிட்டு நடையைக் கட்டு!"

டூகல் பதித்தது. ருவாரியும் பதித்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஏழு குட்டிகளில் இரண்டு பிழைக்கவில்லை.

பனி உருகியதும் டூகல் சதுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தது. மலையிலிருந்து கசியும் ஊற்றுநீர்தான் அங்கே வந்து தேங்குகிறது என்று கண்டுகொண்டது. மேல் ஓரத்தில் கால்வாய் தோண்டி நீரை ஆற்றுக்குத் திருப்ப முடிவு செய்தது. தோண்டக் கருவி ஏது? இரண்டு கோரைப்பற்கள்தான்.

"பல்லெல்லாம் தேய்ந்து பொக்கைவாயாகப் போகிறீர்!" என்றது மனைவி மோராக்.

"தேயட்டுமடி! மிச்சமிருக்கும் ஐந்துக்காவது வயிறு நிறைய வேண்டும்."

மூன்று வருடம் தோண்டியது. மூன்றாம் வருடம் நீர் வடிந்து கறுப்பு மண் தலைகாட்டியது. அடுத்த கோடையில் அங்கே கிழங்கு என்ன, புல் என்ன! முயல் உள்ளே புகுந்தால் காதுகூடத் தெரியாது.

மேலே நடந்ததோ வேறு. முன்பெல்லாம் சரிவில் ஒரு வருடம் மான் மேயும், மறு வருடம் முயல் மேயும். புல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. இப்போது வேலிக்குள் வருடம் முழுவதும் அதே மான்கூட்டம். வேர்வரை கடித்துத் தின்றுவிட்டன. சரிவு வழுக்கை மண்டையாகப் பளபளத்தது.

ருவாரி அவசரமாகக் கூட்டம் போட்டது.

"பிள்ளைகளே! நம் முன்னோர்கள் முட்டாள்களா? பழைய வழக்கமே நல்ல வழக்கம். நாளைக்கே சீட்டுப் போடுவோம்!"

டூகல் கணக்குப் போட்டுப் பார்த்தது. சீட்டு மாறி விழுந்தால் மூன்று வருட உழைப்பும் போய்விடும். ஐந்து குட்டிகளும் மறுபடி பட்டினி கிடக்கும். எழுந்து முன்னால் வந்தது.

"குமாஸ்தா ஐயா, அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் வாசியுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது."

நரி தொண்டையைச் செருமியது. "சதுப்பு டூகலுக்கும் அதன் வாரிசுகளுக்கும். எக்காரணத்தாலும், எவராலும், என்றைக்கும் மாற்றப்படாது."

"கீழே யார் குளம்பு?"

"ம்... ருவாரி ஐயாவுடையது."

"நான் உங்கள் தலைவன்! நான் சொல்கிறேன், சீட்டுப் போடு!" என்று ருவாரி தரையை உதைத்தது.

"தலைவரா? அதெல்லாம் பழைய பேச்சு என்று நீங்களே சொன்னீர்களே!" என்றது டூகல். "நிலச்சொந்தக்காரரே, உங்கள் நிலம் அதோ மேலே இருக்கிறது. போய் மேயுங்கள்!"

முதலில் ஒரு கிழட்டு ஆடு சிரித்தது. பிறகு முயல்கள். பிறகு பள்ளத்தாக்கே சிரித்தது. நரி பத்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது. அன்று டூகல் நடந்து போனபோது ஆடுகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன.

டூகல் தன் கல்வேலியில் ஓர் இடைவெளி வைத்தது. ஆடும் முயலும் அதன் வழியே வந்து மேய்ந்தன. பசித்த மான்குட்டிகளையும் அது தடுக்கவில்லை. ருவாரிக்கு மட்டும் ஒரு நிபந்தனை: "தப்பு என்னுடையது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உள்ளே வரலாம். எத்தனையோ கோடை போய்விட்டது. கொம்பை நிமிர்த்திக்கொண்டு ருவாரி வேலிக்கு வெளியேதான் நிற்கிறது. அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

எளியவனை அடக்க வலியவன் எழுதும் சட்டம், எழுதியவனையும் ஒருநாள் அடக்கும்.