கழுவாத பஞ்சு

"எவனோ என் தண்ணியில விஷம் கலக்குறான்" என்றபடி நுழைந்தார் பால்ராசு. ஒரு கையில் தொட்டித் தண்ணீர் பிடித்த பாட்டில். இன்னொரு கையில் செத்த தங்கமீன், காகிதத்தில் மடித்து.

கொளத்தூரில் வீட்டுக்குப் பின்னால் மீன் வளர்த்து விற்பவள் எஸ்தர். அவர் வயதில் பாதிகூட இல்லை. தொட்டி வைக்க அவளிடம்தான் பழகிக்கொண்டிருந்தார். புதுத் தொட்டிக்கு முதலில் ஒரு மீன் போதும் என்று சொல்லிப் பார்த்தாள். பழைய இரும்பு பேரம் பேசியே ஆளானவர், விடுவாரா? ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி ஐந்தாக வாங்கிப் போனார். அன்றிலிருந்து அவளைக் குருவம்மா என்பார், பாதி கேலியாக.

தொட்டி அவர் மனைவி செண்பகத்துக்காக. வாதம் வந்து பேச்சும் ஒரு கையும் போயின. கட்டிலில் கிடந்தபடி மீன்களை எண்ணி, நல்ல கையின் விரல்களை நீட்டிக் காட்டுவாள். முதல் நாள் ஐந்து. இன்று காலை ஒன்று. நீட்டிய விரலை அவள் மடக்கவே இல்லை என்றார்.

குழாய்த் தண்ணீர் விடுகிறவன், மாடி வீட்டுக்காரன், தீனி விற்றவன் என்று வரிசையாகத் திட்டினார். சீக்கு மீனைத் தலையில் கட்டியதாக எஸ்தரையும் விடவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "முதல் மீன் செத்ததும் என்ன செஞ்சீங்க?"

"கழுவினேன். கல்லு, பில்டர் பஞ்சு, எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டு."

"அடுத்தது செத்தப்போ?"

"இன்னும் நல்லாக் கழுவினேன்."

எஸ்தர் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தாள். ஒன்றில் அவருடைய பளிங்குத் தண்ணீர். மற்றதில் அவள் தொட்டியின் டீ நிறத் தண்ணீர். இரண்டிலும் ஒரே மருந்தைச் சொட்டவிட்டாள். அவளுடையது மஞ்சளாக நின்றது. அவருடையது கரும்பச்சையாகிவிட்டது.

"பச்சைன்னா என்ன?"

"மீனோட கழிவுல வர்ற விஷம். அம்மோனியா."

"உன் சாக்கடையில மட்டும் இல்லையா?"

"அதைத் தின்னுற கிருமி இங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. பஞ்சுலதான் குடியிருக்கும். குடியேற ஒரு மாசம் ஆகும். பிளீச்சிங் பவுடர் பட்டா ஒரே நாள்ல செத்துரும்."

பால்ராசு மருந்துக் குழாயையே பார்த்தார். பிறகு, பத்து மீன் கொடு, நீ சொல்வதுதான் விலை என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுவே முதல்முறை. எஸ்தர் தலையாட்டி மறுத்தாள். தன் தொட்டியிலிருந்து வழவழவென்று கறுத்த பஞ்சொன்றை எடுத்து, அதே தண்ணீரோடு பையில் கட்டி நீட்டினாள்.

"நல்லாக் கழுவிட்டு…" என்று ஆரம்பித்தார்.

பை பின்னால் போயிற்று.

"கழுவல" என்றார்.

பை மறுபடி நீண்டது.

"அந்த ஒண்ணு பிழைக்குமா, குருவம்மா?" குரலில் கேலி இல்லை.

"தெரியாதுங்க. விஷம் வெச்சவனைத் தேடித்தானே வந்தீங்க. இதை அவன் கையில குடுங்க. அந்தம்மா விரலை மடக்குறதுக்குள்ள அவனே வந்து சரி பண்ணட்டும்."